ஆறாவது ரிப்பேர்

வீட்டை மதிப்பீடு செய்ய வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன ஒன்பதாம் நாள் பட்டியல் தபாலில் வந்தது. விசாலாக்ஷி அதைச் சமையலறை மேடையில் விரித்து, நின்றபடியே படித்தாள். பின்வாசல் படிக்குக் கைப்பிடி போட வேண்டும். மாடி ஜன்னல் சட்டங்களில் உரிந்திருக்கும் பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். வெந்நீர்த் தொட்டியின் வால்விலிருந்து தரைவரைக்கும் ஒரு குழாய் வேண்டும். கராஜ் கதவில் உடைந்த கண்ணாடியை மாற்ற வேண்டும். புகை அலாரம் ஒன்றுகூட இல்லை, இரண்டு மாட்ட வேண்டும். அலாரம் இருக்கத்தான் இருந்தது. குடிவந்த முதல் மாதமே, கடுகு வெடிக்கும்போதெல்லாம் அது ஊரைக் கூட்டியதால், மகாதேவன் நாற்காலி மேல் ஏறிக் கழற்றிப் போட்டுவிட்டான்.

மொத்தம் ஐந்து. ஐந்தும் முடிந்தபின் அதே மனிதர் மறுபடி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் வாங்குகிறவருக்குக் கடன் வரும். வாங்குகிற ராபர்ட் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களுக்கு அரசாங்கமே பொறுப்பேற்று வாங்கித் தருகிற கடன் அது. அதில் கெடுபிடி கொஞ்சம் இருக்கும் என்று வீட்டு ஏஜென்ட் முதலிலேயே சொல்லியிருந்தாள்.

விசாலாக்ஷி காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "அப்பாடா" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. வீட்டில் யாருமில்லை. ஆனாலும் யாரோ கேட்டுவிட்ட மாதிரி முகம் சுட்டது.

ஆறு மணிக்குப் பிளானோவிலிருந்து மகாதேவன் கூப்பிட்டான். அவன் வேலை செய்யும் கம்பெனி நியூ ஜெர்சியைக் காலி செய்துகொண்டு டெக்சாஸுக்குப் போய்விட்டது. பிப்ரவரியிலிருந்து அவன் அங்கே தனியாக ஓர் அபார்ட்மென்டில் இருந்தான். மான்மவுத் ஜங்ஷன் வீட்டை விற்றுவிட்டு அவள் போய்ச் சேர வேண்டும் என்று ஏற்பாடு.

"அஞ்சுதானா? நன்னாப் பாத்தியா?"

"நன்னாப் பாத்துட்டேன். அஞ்சுதான்."

"பாத்ரூம் பத்தி?"

"ஜன்னல் பெயிண்ட் மட்டுந்தான்."

அவன் மூச்சு விடுகிற சத்தம் இவ்வளவு தூரம் தாண்டி வந்து கேட்டது.

"அப்ப விடு. கவர்மென்ட் அனுப்பின ஆளே பாத்துட்டுப் போயிருக்கான். கேக்காத கேள்விக்கு யாராவது பரீட்சைல பதில் எழுதுவாளா?"

"அதுக்கில்ல, அந்த ராபர்ட்கிட்ட ஒரு வார்த்தை…"

"விசாலம், மூணு மாசமா பிரெட்டும் தயிருமா ஓட்டிண்டிருக்கேன். போன வாரம் ஒரு ரசம் வெச்சேன். பக்கத்து அபார்ட்மென்ட்காரன் வந்து கதவைத் தட்டி, எல்லாம் ஓகேவான்னு விசாரிச்சுட்டுப் போனான்."

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "அது நான் பண்ணின தப்புதான். இல்லேங்கல. அதை எல்லார்கிட்டயும் சொல்லி மானத்த வாங்கணுமா, சொல்லு."

அவன் இப்படிச் சொல்வது முதல்தடவை அல்ல. ஒவ்வொரு தடவையும் அவள் பேசாமல் இருந்துவிடுவாள். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தாள்.

போன நவம்பரில் சாப்பாட்டறைக் கூரையில் தேநீர் சிந்தினாற்போல ஒரு கறை தெரிந்தது. நேர் மேலே மாடி பாத்ரூம். மகாதேவன் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய், குளிக்கிற டப்பின் ஓரத்தில் தரையின் வினைல் விரிப்பு கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்த இடத்தில் குத்திப் பார்த்தான். வேகவைத்த சேனைக்கிழங்கில் இறங்குகிற மாதிரி அது பிடிவரைக்கும் இறங்கிற்று. அவன் குந்தியபடியே சற்று நேரம் அசையாமல் இருந்தான். அதற்கு ஆறு வருஷம் முன்னால் அந்த டாய்லெட்டை மாற்றியது அவன்தான். லைப்ரரியிலிருந்து புத்தகம் எடுத்துவந்து, ஒரு சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, தானே மாட்டிவிட்டு, அலுவலகத்தில் பத்துப் பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டவன்.

"டாய்லெட்டுக்கு அடில வெக்கற சீல் ஒழுகிருக்கு. நான்தான் சரியா வெக்கலை போலருக்கு" என்றான்.

பாத்ரூம் வாசலில் துண்டும் கையுமாக நின்றிருந்த விசாலாக்ஷி, "இருக்கும்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு சொல்லை அவள் யோசித்துச் சொல்லவில்லை. இருந்தாலும் யோசிக்காமல் சொன்னதென்றும் பிற்பாடு அவளால் நினைத்துக்கொள்ள முடியவில்லை.

தாங்க்ஸ்கிவிங் விடுமுறையில் பக்கத்து ஊரான எடிசனிலிருந்து கஸ்தூரிரங்கன் வந்தார். நண்பர்கள் இருவருமாகப் புதுச் சீலை வைத்தார்கள். அழுகலின் மேலேயே ஒரு மெல்லிய பலகையை அறைந்து, அதன் மேல் நீலப் பூப்போட்ட வினைலை ஒட்டினார்கள். சாப்பாட்டறைக் கூரைக்கு வெள்ளை அடித்தார்கள். விற்கிற எண்ணமே அப்போது கிடையாது. அடுத்த கோடையில் முழுக்கப் பிரித்துச் சரிசெய்துவிடலாம் என்றுதான் மகாதேவன் சொன்னான். ஜனவரியில் கம்பெனி டெக்சாஸ் என்றது.

சீல் ஒழுகவில்லை. அது விசாலாக்ஷிக்குத் தெரியும்.

எழுபத்தைந்தில் இந்த வீட்டுக்கு வந்தபோதே அவன் சொல்லியிருந்தான். "இங்க தரைல தண்ணி போற வழியே கிடையாது, மரந்தான். குளிக்கறதெல்லாம் டப்புக்குள்ள நின்னுண்டுதான்." அவள் தலையாட்டினாள். ஒரு மாதம் போல அப்படியே குளித்தும் பார்த்தாள். நின்றுகொண்டு குளித்தால் தண்ணீர் உடம்பின் மேல் விழுந்ததே தவிர, குளித்த மாதிரி இல்லை. மழையில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பினவள் மாதிரி துவட்டிக்கொண்டு வந்தாள். பிறகு ஒருநாள் கடையில் ஒரு நீல பக்கெட்டும் மக்கும் வாங்கினாள். யாரோ வீட்டில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் குழந்தைகள் ஏறி நிற்கிற குட்டை ஸ்டூல் ஒன்று கிடைத்தது. டப்பின் அடி வளைந்திருந்ததால் ஸ்டூல் அதற்குள் நிற்கவில்லை, ஆடியது. அதனால் டப்புக்கு வெளியே தரையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் ஏழே காலுக்குக் கிளம்பிப் போன பிறகு.

குளித்துவிட்டு மூன்று பழைய துண்டுகளால் தரையைத் துடைப்பாள். துண்டு எட்டாத தண்ணீர் டப்பின் ஓரத்து இடுக்கில் மெல்ல இறங்கிப் போகும். போகிற சத்தம்கூட லேசாகக் கேட்கும். எங்கே போகிறதென்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பக்கெட்டையும் ஸ்டூலையும் துண்டு அலமாரியில், போர்வைகளுக்குப் பின்னால் வைத்துவிடுவாள்.

எதற்காக மறைத்தாள் என்பதுதான் அவளுக்கே பிடிபடவில்லை. அவன் அடிக்கிறவனோ கத்துகிறவனோ இல்லை. கேட்டால் "சரி" என்றுகூடச் சொல்லியிருப்பான். ஆனால் கேட்டுப் பெற்றுக்கொண்டால் அது வேறாகிவிடும். இந்த ஊரில் காரும் வீடும் சிநேகிதர்களும் எல்லாமே அவனுடைய வேலையோடு வந்தவை. அந்த அரைமணி மட்டும் அவளாக எடுத்துக்கொண்டது. எழுபத்தொன்பதில் ஐந்தாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போனபோது, அந்தக் குளிர்காலம் முழுவதும், வெந்நீர் தீர்ந்து பச்சைத் தண்ணீர் வருகிறவரைக்கும் தினமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

நவம்பரிலிருந்து பக்கெட்டைத் தொடவில்லை. நின்றுகொண்டுதான் குளித்தாள். அதனால் தரை நேராகிவிடப் போவதில்லை.

ராபர்ட் நியூ பிரன்ஸ்விக்கில் பஸ் டெப்போவில் மெக்கானிக். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம். வாசல் நிலையில் தலை இடிக்குமோ என்று தானாகவே குனிந்து பழகினவர். முதல் தடவை வீடு பார்க்க வந்தபோது அவர் மாடி பாத்ரூமுக்குள் போனதும், கீழே சாப்பாட்டறையில் நின்றிருந்த விசாலாக்ஷி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே தரைப் பலகை முனகுவது கேட்டது. கூரை அப்படியே இருந்தது. அன்றிரவு, டப் தண்ணீரோடும் மனிதரோடும் சாப்பாட்டு மேஜையின் மேல் வந்து இறங்குவதை நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். வேடிக்கையாகத்தான் இருந்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை.

பட்டியலில் நாலு வேலைகளுக்கு ஆள் கிடைத்தது. பின்படிக் கைப்பிடிக்கு மட்டும், இவ்வளவு சின்ன வேலைக்கா என்று மூன்று பேர் வராமல் தட்டிக் கழித்தார்கள். விஷயம் ராபர்ட் காதுக்குப் போயிற்று. மே மாதத்து ஒரு சனிக்கிழமை காலை, டிரக்கில் மரம் ஏற்றிக்கொண்டு தானே வந்துவிட்டார்.

"ஏஜென்டுக்குச் சொல்லாதீர்கள் மேடம். வாங்குகிறவன் வேலை செய்யக் கூடாதாம். இரண்டு மணி நேர வேலைக்கு இரண்டு வாரம் காத்திருக்க என்னால் ஆகாது. என் பெண்கள் இரண்டும் இப்போதே எந்த ரூம் யாருக்கு என்று அடித்துக்கொள்கின்றன."

அவர் அளந்து, அறுத்து, ஆணி அடிப்பதை விசாலாக்ஷி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தன் வீட்டுக்குச் செய்வது போலச் செய்தார். ஒரு கம்பம் கால் அங்குலம் சாய்ந்திருந்ததற்காகப் பிடுங்கி மறுபடி நட்டார். அவர் அப்படி வேலை செய்யாமல் இருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றிற்று. உளுந்து ஊற வைத்திருந்தாள். சும்மா நிற்க முடியாமல் அரைத்து வடை தட்டினாள்.

ராபர்ட் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "டோநட்டுக்கு ஓட்டை எல்லாம் சரியாக இருக்கிறது மேடம். சர்க்கரை போடத்தான் மறந்துவிட்டீர்கள்." பிறகு நாலு தின்றார்.

காப்பியைக் குடித்து முடித்ததும், "நேரம் இருக்கிறது. மாடி ஜன்னலையும் சுரண்டிக் கொடுத்துவிட்டே போகிறேன்" என்று எழுந்தார்.

"வேண்டாம், அதற்குப் பெயிண்டர் வரப்போகிறார்."

"வரட்டும். சுரண்டி வைத்திருந்தால் அவருக்கு வேலை மிச்சம்."

அவர் இரண்டிரண்டு படியாக ஏறிவிட்டார். அவள் பின்னால் ஓடினாள். அவள் பாத்ரூம் வாசலை அடைந்தபோது அவர் டப்பை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் டப்புக்கு மேலே இருந்தது. எட்டுவதற்காக வலது காலைத் தூக்கி டப்பின் விளிம்பில் வைத்தார். அந்த உடம்பு அத்தனையும் நீலப் பூவின் மேல் ஊன்றியிருந்த இடது காலுக்கு வந்தது. காலடியில் வினைல் ஒரு தட்டு போலக் குழிந்ததை அவள் பார்த்தாள்.

"ஐயோ, அங்க நிக்காதீங்கோ!"

தமிழில்தான் கத்தினாள். அவர் அப்படியே நின்றார். மெதுவாகக் காலை எடுத்துப் பின்னால் வைத்தார். அவளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். மண்டியிட்டு, சுரண்டியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கெட்டியாகக் கேட்டது, டப்பின் பக்கத்தில் சொத சொதவென்று கேட்டது. வினைலின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார்.

"இந்தப் பலகை எப்போது போட்டது?"

"நவம்பரில்."

"இதற்குக் கீழே?"

அவள் நீலப் பூக்களைப் பார்த்தாள்.

"மேடம், இதற்குக் கீழே என்ன?"

"அழுகியிருக்கிறது."

"எது ஒழுகியது?"

சீல் என்று சொல்லியிருக்கலாம். பழுதாகக்கூடிய பொருள்தான், யாரும் நம்புவார்கள். நம்புகிற மாதிரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆறு மாதத்தை ஓட்டியிருந்தாள். ஆனால் காலுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாமல் ஒரு மனிதர் நின்றதைப் பார்த்த பிறகு அந்தச் சொல் வரவில்லை.

"ஒன்றும் ஒழுகவில்லை. நான் ஊற்றினேன். இங்கே தரையில் உட்கார்ந்து குளிப்பேன். எங்கள் ஊரில் அப்படித்தான். பத்து வருஷத்துக்கு மேல்."

அவர் டப்பைப் பார்த்தார். "டப் இங்கேதானே இருந்தது?"

"இருந்தது."

"அதற்கு வெளியே உட்கார்ந்து?"

"ஆமாம்."

சிரிப்பார் என்று நினைத்தாள். அதற்கு ஒருவிதமாகத் தன்னைத் தயார்செய்துகொண்டிருந்தாள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"என் பெண்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் குளிப்பார்கள். டப் வழிய வழியத் தண்ணீர் விட்டுக்கொண்டு" என்றார். பிறகு, "எங்களிடம் எப்போது சொல்வதாக இருந்தீர்கள்?"

இன்றைக்குச் சொல்ல இருந்தேன் என்று ஒரு பதில் நாக்கில் வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"சொல்வதாக இல்லை."

ராபர்ட் தலையை அசைத்தார். கோபம் தெரியவில்லை. கணக்கில் கூட்டல் தப்பியது எங்கே என்று கண்டுபிடித்தவர் மாதிரி இருந்தது முகம். சாமான்களை எடுத்துக்கொண்டு இறங்கினார். வாசலில் நின்று, பெவர்லியிடம் பேச வேண்டும் என்றார். பெவர்லி அவர் மனைவி. பிறகு, சாப்பாட்டுக்கு நன்றி என்றார். அந்த நன்றியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மத்தியானம் அவளே பிளானோவுக்குப் போன் செய்தாள்.

"கண்டுபிடிச்சுட்டானா?" என்றான் மகாதேவன்.

"நானே காட்டிக் குடுத்துட்டேன்."

"எதுக்கு?" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "சரி, போறது. என்னாலதானே வந்தது. நானே அவன்கிட்ட பேசறேன். சீல் வெச்சது நான், தெரியாம பண்ணிட்டேன்னு சொல்றேன். உனக்கு ஏன் இந்த அவமானம், பாவம்."

அந்த 'பாவ'த்தைக் கேட்டதும் அவளுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. தொலைபேசி வயர் நாற்காலிவரை எட்டவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அது சீல் இல்லை" என்று சொல்லத் தொடங்கினாள். பக்கெட்டைச் சொன்னாள், ஸ்டூலைச் சொன்னாள், போர்வைக்குப் பின்னால் வைத்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல எல்லாம் எவ்வளவு சின்னதாக இருக்கிறதென்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு நகையைத் திருடியிருந்தால்கூடச் சொல்வதற்கு மரியாதையாக இருந்திருக்கும்.

"எத்தனை பக்கெட்?" என்றான் அவன்.

"தினம் ரெண்டு. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேச்சுண்டா மூணு."

மனதுக்குள் பெருக்கிப் பார்க்கிறான் என்று தெரிந்தது.

"அப்ப நான் வெச்ச சீல் சரியாத்தான் இருந்திருக்கு."

"ஆமா."

"அன்னிக்கு 'இருக்கும்'னியே."

"ஆமா."

"கஸ்தூரி முன்னாடி தலையத் தொங்கப் போட்டுண்டு உக்காந்திருந்தேன். அவன் எவ்வளவு கேலி பண்ணினான் தெரியுமோ? நான் டெக்சாஸ் வந்தப்பறமும் போன்ல சொல்லிக் காட்டறான். நீ பக்கத்துல காப்பியக் குடுத்துண்டு நின்னே. எதுக்குடி?"

நல்லதாக ஒரு காரணம் தேடினாள். எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிஞ்சியது ஒன்றுதான்.

"நீங்களே 'நான்தான்'னேள். அது எனக்கு சௌகர்யமா இருந்தது."

அவன் கத்துவான் என்று காத்திருந்தாள்.

"கேட்டிருந்தா தரைல தண்ணி போக ஒரு டிரெயின் வெச்சுக் குடுத்திருப்பேனே, விசாலம்" என்றான். "அதுக்கும் லைப்ரரில புஸ்தகம் இருந்திருக்கும்." பிறகு, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

சாயங்காலம் பெவர்லி கூப்பிட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். நானூறு குழந்தைகளை அதட்டிப் பழகின குரல்.

"நீங்களாகவே சொன்னீர்கள் என்று ராபர்ட் சொல்கிறான். அவனுக்கு எல்லாரையும் நல்லவர்களாக்க வேண்டும். அவன் அந்த இடத்தில் காலை வைக்காமல் இருந்தால் சொல்லியிருப்பீர்களா?"

"மாட்டேன்."

சண்டைக்கு வந்தவளுக்குச் சண்டை கிடைக்கவில்லை.

"சரி. பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது. வீடு எங்களுக்கு வேண்டும். ஆனால் ராபர்ட் இனிமேல் அங்கே ஓர் ஆணி அடிக்க மாட்டான். தரையை முழுக்கப் பிரித்து, ஆள் வைத்து நீங்கள் செய்து தர வேண்டும். அது அந்தப் பட்டியலில் ஏற வேண்டும். அந்த மதிப்பீட்டாளரிடம் நாங்கள் சொல்ல மாட்டோம். நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். சொன்னால் ஜூலை வரைக்கும் காத்திருப்போம்."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மகாதேவன் பேசவில்லை. ஞாயிறன்று தவறாமல் கூப்பிடுகிறவன். விசாலாக்ஷி போனுக்கு அருகிலேயே வேலைகளை வைத்துக்கொண்டாள். மணி அடிக்கவில்லை. அவள் இத்தனை நாள் சுமக்கவிட்டதை அவன் ஒரே நாளில் இறக்கிவைத்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தது. தெரிந்தும் எதிர்பார்த்தாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மதிப்பீட்டாளர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அவரே எடுத்தார்.

"ஐந்தும் முடிந்துவிட்டதா? எப்போது வந்து பார்க்கட்டும்?"

"ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதைச் சேர்க்க வேண்டும்."

"நான் எதையும் விடுகிற வழக்கம் இல்லையே."

"நீங்கள் விடவில்லை. உங்களுக்குத் தெரியாதபடி நாங்கள் மூடிவைத்திருந்தோம். மாடி பாத்ரூம் தரை."

"இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். விற்கிறவர்கள் கூப்பிட்டால் ஒன்றைக் குறைக்கச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்." காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது. "சொல்லுங்கள். எவ்வளவு இடம்?"

கைகளை விரித்து அளந்து வைத்திருந்ததைச் சொன்னாள். டப்பின் நீளம் முழுக்க, அதிலிருந்து இரண்டரை அடி.

"காரணம் போட வேண்டும். குழாய் ஒழுகல்தானே? போட்டுவிடுகிறேன்."

"இல்லை. குளித்த தண்ணீர்."

"டப் வழிந்து?"

"டப்புக்கு வெளியே குளித்தது."

"யார்?" என்றார் அவர். அந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடம் இருந்திருக்காது. ஆச்சரியத்தில் கேட்டுவிட்டார்.

"நான்" என்றாள் விசாலாக்ஷி. "என் கணவருக்கு அது தெரியாது. அவர் வைத்த சீலில் ஒரு குறையும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

"அதெல்லாம் எழுதுகிற வழக்கம் இல்லை அம்மா."

"தெரியும். ஆனாலும் எழுதுங்கள்."

அவர் பெருமூச்சு விட்டார். அவள் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு, அவர் திருப்பி வாசித்துக் காட்டுகிறவரைக்கும் நின்றுகொண்டிருந்தாள்.